வில்லுக்குப் பதில் வுட்

லிஃப்டை நிறுத்த வேண்டுமானால் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்பது மேனேஜர் போட்ட விதி. பழுதைத் தமிழில் சொன்னால் புலம்பல், ஆங்கிலத்தில் எழுதினால் ஆவணம் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அந்த ஆவணங்கள் பிழையில்லாமல் வர வேண்டுமே என்ற கவலையில், சனிக்கிழமை நான்கு மணிக்குப் பராமரிப்பு ஊழியர்களை உட்காரவைத்து அவரே இலக்கணம் நடத்தினார். இரண்டு மாதமாக 'இஃப்' வாக்கியங்கள்தான். நடக்கக்கூடியது முதல் வகை, அதற்கு 'வில்'. வெறும் கற்பனை இரண்டாம் வகை, அதற்கு 'வுட்'. நடந்து முடிந்து கைமீறிப் போனது மூன்றாம் வகை, அதற்கு 'வுட் ஹேவ்'. முதல் வகைக்கு அவர் பலகையில் எழுதிய எடுத்துக்காட்டு: அனுமதியின்றி லிஃப்டை நிறுத்தினால் உன் வேலை போகும்.

லிஃப்ட் மெக்கானிக்குக் கிறுகிறுத்தது. 'ஆல்' என்ற ஒற்றை விகுதியை வைத்துக்கொண்டு நாற்பத்தாறு வருடம் நடக்கக்கூடியதையும் நடக்காததையும் சமாளித்தவர் அவர். வீட்டில் மனைவி துணி மடித்தபடி பாடம் கேட்பாள்.

"மூணாவதுக்கு ஒண்ணு சொல்லுங்க பாப்போம்."

அவர் ஒரு துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"சரி, நான் சொல்றேன். எங்கப்பா மட்டும் அன்னைக்கு இன்னும் கொஞ்சம் விசாரிச்சிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன். சரியா?"

"இலக்கணம் சரிதான்" என்றார் மெக்கானிக்.

திங்கட்கிழமை அவர் மேலே மெஷின் ரூமில் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தார். மோட்டார் நின்ற பிறகு லிஃப்டைப் பிடித்து நிறுத்துவது அந்த பிரேக்தான். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் அதன் லைனிங் காகித கனத்துக்குத் தேய்ந்திருந்தது. நாலு பேர் ஏறும்வரை ஒன்றும் தெரியாது; மறுபுறம் தொங்கும் எதிர் எடை அவர்களுக்குச் சரியாக ஈடுகொடுத்துவிடும். எட்டு பேர் ஏறினால் லிஃப்ட் நிற்காது.

அன்றிரவே மனைவியும் அவருமாகச் சேர்ந்து முதல் வகையில் ஒரு வாக்கியம் செய்தார்கள்: 'இஃப் எய்ட் பீப்பிள் கெட் இன், த லிஃப்ட் வில் ஃபால்.' மறுநாள் சீட்டு பச்சை மையோடு திரும்பி வந்தது. 'கெட்' அடிபட்டு 'காட்' ஆகியிருந்தது. 'வில்' அடிபட்டு 'வுட்' ஆகியிருந்தது. மேலதிகாரிக்கு எழுதும்போது 'வில்' மிரட்டல்போல ஒலிக்கும், 'வுட்' பணிவு என்று ஓரத்தில் குறிப்பு, கீழே கையெழுத்து, தேதி.

அப்படியே திருத்தி இரண்டாவது சீட்டைக் கொடுத்தார். அது புதன்கிழமை திரும்பியது: இது இரண்டாம் வகை, கற்பனை, ஆகவே அவசரமில்லை. பதறிப்போய் மறுபடி 'வில்' போட்டு மூன்றாவது சீட்டை நீட்டினார். அதே பச்சை மை: பழைய தவறு மீண்டும்.

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஏழு பேர் வந்தார்கள். காலையில் நாலு நாலு பேராக நான்காவது மாடிக்கு ஏறினார்கள். மேனேஜரையும் சேர்த்து எட்டு பேர். ஒன்றும் ஆகவில்லை. கூட்டம் முடிந்ததும் வாசலில் புகைப்படம். எல்லாரும் ஒன்றாக இறங்க வேண்டும், நான்காவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தபடி தயாராக நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மெக்கானிக் மேலே போனார். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டினார்; விளக்குக்குத் தனி இணைப்பு, அது எரிந்தது. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, திறந்த கதவின் முன்னால் நின்றார்.

எட்டு பேரும் வந்தார்கள்.

"எக்ஸ்ப்ளைன்" என்றார் மேனேஜர். "இன் இங்கிலீஷ்."

"இஃப் எய்ட் பீப்பிள்..." என்று தொடங்கி நிறுத்தினார். கெட்டா, காட்டா, ஹேட் காட்டா? எதிரே எட்டு ஜோடி காலணிகள். எதுவும் இன்னும் நகரவில்லை.

"எட்டு பேர் ஏறினா விழும்" என்றார்.

மேனேஜர் விருந்தினர்களிடம் திரும்பிச் சிரித்தார். நல்ல தொழிலாளிதான், ஆனால் கற்பனைக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் இன்னும் பிடிபடவில்லை, வகுப்பு தொடர்கிறது என்று விளக்கினார். வந்தவர்களில் மூத்தவரான நரைத்த தலை அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"விழும்னு எப்படித் தெரியும்?"

"காட்டறேன்மா."

தாழ்வாரத்தில், விருந்தினர் கையால் வெளியிடுவதற்காக, மேனேஜர் எழுதிய இலக்கணக் கையேடு இருபது பெட்டிகளில் காத்திருந்தது. ஒரு பெட்டி முப்பது கிலோ அரிசி மூட்டை கனம். மெக்கானிக் முதல் பெட்டியை வெளியிலிருந்தே காலால் லிஃப்டுக்குள் தள்ளினார்.

"யோவ், புதுப் புத்தகம்யா அது."

"அதான் சார், நல்ல கனம்."

ஐந்து. பத்து. லிஃப்ட் அசையவில்லை. யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். பதினான்காவது பெட்டிக்கு மெக்கானிக்கின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பலகையில் எழுதிய அந்த எடுத்துக்காட்டு கண்முன்னே வந்து நின்றது. பதினேழு. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும். நானே உள்ள நின்னு காட்டறேன்."

அவர் ஒரு காலைத் தூக்கினார். மெக்கானிக்குக் கைக்கு எட்டியது மேனேஜரின் டை. அதைப் பிடித்து இழுத்து, பதினெட்டாவது பெட்டியைத் தள்ளினார்.

லிஃப்டின் தரை ஒரு விரல் இறங்கியது. பிறகு ஒரு சாண். சத்தமே இல்லை. உள்ளே எரிந்த விளக்கு அவர்களுடைய முழங்கால் வழியாகக் கீழே போனது. ஒரு ஆள் நின்றிருந்தால் தலை இருக்கக்கூடிய இடத்தை லிஃப்டின் கூரை கடந்து மறைந்தது. வெறும் கம்பிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அடியில் திம்மென்று ஒரு சத்தம். கட்டடம் ஒரு முறை அதிர்ந்தது.

மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். 'இஃப் ஐ நோ, ஐ ஸ்டாப்' என்று கேட்டது. வில், வுட், ஹேவ் ஒன்றும் அதில் இல்லை.

"எழுதிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

மெக்கானிக் மூன்று சீட்டுகளையும் நீட்டினார். அந்த அம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். பச்சை மைக்கு வந்தபோது மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். மேனேஜர் கையை நீட்டி, அதில் சின்னச் சின்னப் பிழைகள் இருக்கின்றன, திருத்தித் தருகிறேன் என்றார். அம்மா சீட்டுகளை மடித்துத் தன் ஃபைலில் வைத்து நாடாவைக் கட்டினார்.

"இதைச் சரிபண்ண உங்களுக்கு எத்தனை நாள் வேணும்?"

"சாமான் வந்தா ரெண்டு நாள்மா."

"வந்தா இல்ல" என்றார் அவர், மாடிப்படி பக்கம் நடந்தபடி. "வரும். நாளைக்குக் காலையில வாங்கி வைக்கச் சொல்றேன், நீங்க இருந்து பாத்து எடுங்க."