பவுடர் அண்ணன் தீனி போட்ட பட்டாளம்

எதிர்ப்புச் சக்திப் பவுடர் விற்பவரை எல்லோரும் பவுடர் அண்ணன் என்றே அழைத்தார்கள். "உங்க உடம்புக்குள்ள ஒரு பட்டாளம் இருக்கு, அதுக்குத் தீனி போடுங்க!" என்று அவர் மைக் பிடித்தால் முன்வரிசை கைதட்டும், பின்வரிசை டப்பா வாங்கும்.

அவருடைய மகளுக்குக் கொஞ்ச நாளாகப் படியேற முடியவில்லை. தலை வாரக் கை தூக்கவும் முடியவில்லை. கண்ணிமை ஊதா நிறமானது. விரல் முட்டிகளில் செதில் செதிலாகத் தடிப்பு. அண்ணன் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்: சோம்பல். வைத்தியமும் கைவசம் இருந்தது: இரண்டு கரண்டிக்குப் பதில் நாலு, கூடவே வெயிலில் ஓட்டம்.

சாப்பிடும்போது பிள்ளைக்குப் புரையேறத் தொடங்கியதும் அம்மா யாரையும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அண்ணன் டப்பாவோடு பின்னால் ஓடினார்.

பரிசோதனைகளைப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "தசை அழற்சி. கிருமி காரணமில்ல. இவளோட எதிர்ப்புச் சக்தியே தசையிலயும் தோல்லயும் இருக்கிற சின்ன ரத்தக்குழாய்களை எதிரின்னு நெனச்சு அடிக்குது. இன்னைக்கே ஸ்டீராய்டு ஏத்தி அதை அடக்கணும்."

"அடக்கறதா? மேடம், அதை வளர்க்கச் சொல்லி ஊர் ஊராப் பேசறவன் நான்! ஒரு வாரம் நம்ம பவுடரையே..."

"என்னங்க, இது மேடையில்ல," என்றாள் மனைவி. "பிள்ளைக்குப் பேச்சே மூக்கால வருது, காதுல விழலையா?"

"தாகமா இருக்குப்பா," என்றாள் மகள்.

அண்ணன் முந்திக்கொண்டு பவுடர் கலந்த தண்ணீரை நீட்டினார். ஒரே மடக்குதான். தண்ணீர் மூக்கு வழியே வந்தது. பிள்ளைக்கு மூச்சு முட்டியது. நர்ஸ் பாய்ந்து வந்து அவளை ஒருக்களித்துப் பிடித்து, குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தார்.

"விழுங்கறதும் தசைதான் சார்," என்றார் டாக்டரம்மா. "அது கைவிட்டா தண்ணி நுரையீரலுக்குப் போகும்."

"போடுங்க," என்றார் அண்ணன். மைக் இருந்திருந்தாலும் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.

மருந்து சொட்டத் தொடங்கியது.

"என் பவுடராலயா மேடம்?"

"அப்படிச் சொல்ல முடியாது. ஆனா இனி வேண்டாம், வெயிலும் வேண்டாம். மாசக்கணக்கா மருந்து இருக்கு. நிறைய குழந்தைங்க நல்லாத் தேறிடுவாங்க. முதல்ல இவளுக்கு விழுங்க வரணும்."

"அந்தப் பட்டாளத்துக்கு இது நான்னு தெரியாதாப்பா?" மகள் மூக்கால் கேட்டாள்.

அண்ணன் டப்பாவைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினார்.

"பேசாதே கண்ணு. தூங்கு."

அவள் கண்ணை மூடினாள். அவர் அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எச்சில் விழுங்கும்போதெல்லாம் அவரும் விழுங்கினார்.