ஆந்தைப் பாறையின் ஒயின்

ஏப்ரல் மாதம் எங்கள் ஊர்த் திராட்சைக்காரர்கள் மாதா கோயில் மண்டபத்தில் கூடி, போன இலையுதிர் காலத்து ரீஸ்லிங் திராட்சை ஒயினைச் சுவை பார்ப்போம். புட்டிகளுக்குத் துணி சுற்றியிருக்கும். எது யாருடையது என்று தெரியாது. தெரியாத மாதிரி இருப்போம் என்பதுதான் சரி. மோசெல் ஆற்றின் எங்கள் வளைவில் நீலச் சிலேட்டுக் கல்லில் விளைந்தது ஒரு மாதிரி, சிவப்புக் கல்லில் விளைந்தது வேறு மாதிரி. ஒயினில் இனிப்பை விட்டுவைத்தால் அந்த வித்தியாசம் கொஞ்சம் அமுங்கும். இனிப்பில்லாத ரீஸ்லிங் தான் பிறந்த இடத்தைப் பட்டென்று சொல்லிவிடும்.

ஐந்தாவது கோப்பையை வாயில் வைத்தேன். முதலில் பச்சை ஆப்பிளின் புளிப்பு. அதன் பின்னால், கல்லோடு கல் உரசினால் வருமே, அந்தப் புகைந்த வாசனை. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் மெல்லிய உப்பு, கூடவே தொண்டைவரை ஒரு குளிர்ச்சி. அந்த உப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து வருவது, கல்லுக்கடியில் ஊற்று ஓடும் ஆந்தைப் பாறைத் தோட்டத்தில் மட்டும்தான். அங்கே ஏழு வருடமாக யாரும் அறுவடை செய்ததாகத் தெரியவில்லை.

"என்னடா ஆன்ஸ்கர், கல்லை முழுங்கிட்டியா?" என்றான் லூட்கர். எந்தக் கூட்டத்திலும் அவன் வாய் சும்மா இருக்காது.

"நீ குடிச்சுப் பாரு."

குடித்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "இது கெரியோனோட தோட்டம்ல? அங்க யாருய்யா போறா?"

கெரியோன் என் சிநேகிதன். ஏழு வருடத்துக்கு முன், மார்ச் மழையில் ஆந்தைப் பாறையில் மண்ணைத் தாங்கும் மேல் கல்சுவர் பிதுங்கத் தொடங்கியிருந்தது. ஞாயிறு காலையில் சேர்ந்துபோய் முட்டுக் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். முந்தின நாள் ஒரு கல்யாண விருந்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு எழாமல் கிடந்தேன். அவன் தனியாகப் போனான். சுவர் அவன் மேல் இறங்கியது. அங்கேயே செத்துப்போனான். நான் வருவதாகச் சொல்லியிருந்ததை யாரிடமும் சொல்லவில்லை, அவன் மனைவி ரோஸ்வித்தாவிடம்கூட.

துணியை அவிழ்த்தார்கள். புட்டியில் பெயர்ச்சீட்டு இல்லை. கடைசி வரிசையில் ரோஸ்வித்தா எழுந்து நின்றாள்.

"என்னோடதுதான்" என்றாள். அத்தனை பேரில் என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

வாசலில் அவளைப் பிடித்தேன். "ரோஸ்வித்தா, அன்னிக்கு நானும் வரேன்னு சொல்லியிருந்தேன்."

"தெரியும். அரைமணி நேரம் வாசல்லயே நின்னு உனக்காகப் பாத்துட்டுத்தான் போனாரு."

அவள் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். "திங்கக்கிழமை மேல வா. சுவர் இன்னும் பாதி சரிஞ்சுதான் கெடக்கு."

போனேன். ஊரிலிருந்து பார்த்தால் தெரியாத சரிவு அது. கை ஊன்றித்தான் ஏற வேண்டும். நான் நினைத்தபடி முள்புதராக இல்லை. ஒவ்வொரு கொடியும் தன் கம்பத்தில் இதய வடிவில் வளைத்துக் கட்டப்பட்டிருந்தது. மதியம்வரை கல் அடுக்கினோம். பிறகு அவள் ரொட்டியைப் பிட்டு என்னிடம் நீட்டினாள்.

"அவரு போன மூணாவது குளிர்காலம், எல்லாத்தையும் பிடுங்கிப் போடலாம்னுதான் ஏறி வந்தேன். வந்து பாத்தா, மேல ஆறு வரிசைக் கொடிய யாரோ வெட்டிக் கட்டியிருந்துச்சு. கயிறு இல்ல, வில்லோ மரத்து மிலாறு. அவரு போடுற அதே இடக்கை முடிச்சு. அப்புறம் பிடுங்க மனசு வரல. மிச்சத்தை நான் பாத்துக்கிட்டேன். வருஷா வருஷம் நான் வர்றதுக்குள்ள அந்த ஆறு வரிசை முடிஞ்சிருக்கும்."

"யாரு கட்டுறா?"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "நீ இல்லையா?"

"நானா? அன்னியிலேர்ந்து இந்தப் பக்கமே நான் காலு வைக்கலியே."

"பொய் சொல்லாத ஆன்ஸ்கர். மனசு உறுத்தி, நீதான் அவரு மாதிரியே முடிச்சுப் போட்டுப் பழகியிருக்கேன்னு நெனச்சேன். ஒயினக் கொண்டுவந்து வச்சதே, நீ குடிச்சா ஒத்துக்குவேன்னுதான்."

"என் பிள்ளைங்க மேல சத்தியமா நான் இல்ல."

அவள் ரொட்டியைக் கல்மேல் வைத்துவிட்டு மேல் வரிசைகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆனால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டும் இறங்கவில்லை. ஊரில் யாருக்கு இடக்கைப் பழக்கம் என்று மனதுக்குள் தேடிப் பார்த்தேன். கெரியோனைத் தவிர ஒருவரும் கிடைக்கவில்லை.

கோடைக்குள் சுவரை எழுப்பி முடித்தோம். அறுவடையையும் சேர்ந்தே செய்தோம். அவள் என்னை மன்னித்தாளா என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இந்தப் பிப்ரவரியில் கொடி கட்ட இருவரும் சேர்ந்து ஏறினோம். இரவு பெய்த வெண்பனி சரிவு முழுக்க ஒரு காலடித் தடமும் இல்லாமல் கிடந்தது. மேல் ஆறு வரிசையும் கட்டி முடிந்திருந்தன. ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். மிலாறு பச்சையாக இருந்தது, வெட்டிய இடத்தில் ஈரம் காயவில்லை.

ரோஸ்வித்தா கையுறையை மாட்டிக்கொண்டாள். ஏழாவது வரிசையிலிருந்து ஆரம்பித்தோம்.