பன்னிரண்டாவது பெயர்

விழுப்புரத்தில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அறுபத்தொன்றுக்கு அறுபது. இருபது புள்ளியில் தோற்றிருந்தால் வாயை மூடிக்கொண்டு வந்து வேனில் ஏறியிருப்போம். ஒரு புள்ளியில் தோற்றால் அப்படி முடியாது. வேன் ஊரைத் தாண்டுவதற்குள் ஆளுக்கொரு காரணம் சொல்லியாகிவிட்டது.

மாவட்ட பாஸ்கெட்பால் போட்டியின் அரையிறுதி அது. ஜெயித்திருந்தால் இறுதி ஆட்டம். இறுதிக்கு வரும் இரண்டு டீமும் மாநிலப் போட்டிக்குப் போகும். எங்கள் திண்டிவனம் கிளப் பதினோரு வருஷமாக அந்த வாசல்வரை போய்த் திரும்பிக்கொண்டிருக்கிறது. நான் முருகையன். திண்டிவனத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். முட்டி போகும்வரை நானும் ஆடினேன். இப்போது கத்துவதோடு சரி. கத்துவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வேனில் நான் போட்ட கூச்சலைக் கேட்டு என்னை யோக்கியன் என்று நீங்கள் நினைத்துவிடக்கூடும். போட்டிக்குப் பன்னிரண்டு பேர் பட்டியல் கொடுக்க வேண்டும். எங்கள் கிளப்பில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவன் எட்டுப் பேர், எழுதுகிறவன் நாலு பேர். எழுதுகிறவன் என்றால் பட்டியலில் பேர் மட்டும் எழுதப்படுகிறவன். பந்தைத் தொடவே வேண்டாம். டீம் மாநிலப் போட்டிக்குப் போனால் அவனுக்கும் சான்றிதழ் வரும், அதை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கேட்கலாம். டாக்டர் வீட்டுப் பிள்ளை, மண்டிக்காரர் பேரன், கிளப்புக்கு பனியன் அடித்துக் கொடுத்தவரின் மச்சான் மகன் என்று வருஷா வருஷம் நாலு பேர் ஏறுவார்கள். யாருக்கும் அது தப்பாகத் தெரிந்ததில்லை. இந்த வருஷம் எட்டு ஏழாகி, நாலு ஐந்தானது. அந்த ஐந்தாவது ஆள், பன்னிரண்டாவது பெயர், என் மகன் மணிமாறன். ப்ளஸ் டூ முடித்திருக்கிறான். அவனை ஏற்ற இறக்கப்பட்டவன் சித்தார்த்தன்.

சித்தார்த்தனுக்கு இருபத்தாறு வயது. கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே ஒரு ஊர். திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வேலை. வெளிக்கோட்டில் நின்று அவன் பந்தை விட்டால் பத்துக்கு ஆறு உள்ளே விழும். எங்கள் டீமில் மற்ற யாருக்கும் பத்துக்கு மூன்றுகூடக் கிடையாது. மாநிலச் சான்றிதழ் ஒன்று கையில் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு அவன் விண்ணப்பிக்கலாம். தை பிறந்தால் அந்த வேலைக்கான வயது தாண்டிவிடும். அவனுக்கு இந்த வருஷம்தான் கடைசி. அது எனக்குத் தெரியும்.

எங்கள் செக்ரட்டரி தேவநாதன்தான் என் கடைக்கு வந்து சொன்னான். "இங்க ஜெயிக்க ஏழு பேரே போதும் முருகையா. ஸ்டேட்டுக்குப் போறப்ப லிஸ்ட்டத் திருத்திக்கலாம், சித்தார்த்தன அப்ப சேத்துக்கலாம். உம்பையன் பேரு இப்ப ஏறினாதான் ஏறும்."

நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மகனுடைய போட்டோவையும் ஆதாரையும் அங்கேயே தேவநாதனுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் போட்டோ ஒட்டிய பட்டியல் என் ஃபோனுக்கு வந்தது. மணிமாறன் முகம் பளிச்சென்று இருந்தது. என் மனைவி கிருஷ்ணவேணியிடம் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சித்தார்த்தனிடம், "உன் ஆதார் காப்பி தெளிவா இல்லன்னு மேல தள்ளிட்டாங்க, ஸ்டேட்டுல சேத்துக்கறோம்" என்று தேவநாதன் சொல்லிவிட்டானாம். சொன்னதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். நானும் சிரித்தேன்.

ஆட்டத்துக்கு வருகிறேன். ஐந்து ஃபவுல் செய்தவன் வெளியே போக வேண்டும் என்பது விதி. கடைசிப் பத்து நிமிஷத்தில் எங்கள் ஏழு பேரில் மூன்று பேர் அப்படிப் போய்விட்டார்கள். மீதி நாலு. எழுதுகிறவர்கள் ஐந்து பேரில் நாலு பேர் விழுப்புரத்துக்கே வரவில்லை. பெஞ்சில் மிச்சம் இருந்தது என் மகன் மட்டும். சித்தார்த்தனின் ஏழாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு, காலில் ரப்பர் செருப்போடு உட்கார்ந்திருந்தான்.

"செருப்போட உள்ள வுட முடியாது. நாலு பேரோட ஆடுறீங்களா?" என்று கேட்டார் ரெஃப்ரி. விழுப்புரத்துக்காரர்கள் கேலரியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மானம் கப்பலேறியது. அப்போது எங்கள் பக்கத்துப் படிக்கட்டிலிருந்து ஒரு ஜோடி ஷூ கீழே வந்து விழுந்தது. சித்தார்த்தன் கழற்றிப் போட்டிருந்தான். பார்க்க மட்டும் வந்தவன் ஆடுகிற ஷூவை ஏன் போட்டுக்கொண்டு வந்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாற்பது வினாடி பாக்கி. ஒரு புள்ளி நாங்கள் முன்னால். பந்து மணிமாறனிடம் வந்தது. அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தான். தரையில் ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. விசில். பந்து அவர்களுக்குப் போனது, இரண்டு புள்ளி போட்டார்கள், கதை முடிந்தது.

வேனில் முதலில் வாயைத் திறந்தவன் ஆரோக்கியராஜ். ஒரு ஆட்டம் விடாமல் வரும் ஆள், மின்வாரியத்தில் லைன்மேன். "ரெஃப்ரி அவனுங்க ஊரு ஆளு. கடைசி ஃபவுல் ஃபவுலே இல்ல. கையி மேல கையி படவே இல்ல."

"பட்டுது" என்றார் அன்புச்செல்வி டீச்சர். ஒரு காலத்தில் பெண்கள் டீமில் ஆடியவர். எல்லா ஆட்டத்துக்கும் ஒரு நோட்டோடு வந்து ஃபவுல்முதல் எழுதி வைப்பவர். "நான் பாத்துகினுதான இருந்தேன். இன்னிக்கி மட்டும் புதுசா வந்துச்சா? இந்த சீசன்ல நாலு மேட்ச்ல மூணுல நம்ம ஆளுங்க ரெண்டு பேரு அஞ்சு ஃபவுலாயி வெளிய போயிருக்காங்க. எழுதி வச்சிருக்கேன். ஏழு பேர வச்சிக்கினு எந்தக் கேணயன் அரையிறுதிக்கு வருவான்?"

"டைம் அவுட்ட மொதல்லயே காலி பண்ணிட்டாங்க டீச்சர், அதான் பேஜாராயிடுச்சி" என்றான் தேவநாதன். டிரைவருக்குப் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"டைம் அவுட்ட விடுங்க செக்ரட்டரி. எட்டாவது ஆளு எங்க?"

ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். டிரைவர் பக்கத்தில் சித்தார்த்தன் இருந்தான். காலில் என் மகனின் செருப்பு. குதிகால் பாதி வெளியே நின்றது. கடைசி சீட்டில் மணிமாறன் ஜன்னலில் தலையை முட்டுக்கொடுத்து, இன்னும் அந்த ஷூவோடு இருந்தான். இந்த அமைதியை நான் தாங்கியிருக்கலாம். தாங்காமல், பழக்கதோஷத்தில் கத்தினேன்.

"லிஸ்ட்டு போட்டவன் எவன்? அவனுக்கு வெக்கம் மானம் இருக்குதா? ஆடறவன வுட்டுட்டு ஆடத் தெரியாதவன ஏத்தினா இப்படித்தான் ஊர் சிரிக்கும்! இது கமிட்டியா, கல்யாணப் பந்தியா?"

"அப்படிக் கேளு முருகையா!" என்று ஆரோக்கியராஜ் தொடையைத் தட்டினான். தேவநாதன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டான். 'நல்லா நடிக்கிற, நடி' என்று கூட்டாளிக்குச் சொல்லும் சிமிட்டல். என் வாயே எனக்கு நாறியது.

விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்வரை அவர்கள் விடாமல் பேசினார்கள். உயரமானவனை இரண்டாம் பாதியில் உட்கார வைத்தது தப்பு, இடது பக்கம் காவல் இல்லை, விழுப்புரத்துக்காரன் ஒன்பதாம் நம்பரை யாரும் பிடிக்கவில்லை. எல்லாம் சரியான பேச்சு. ஒவ்வொரு பேச்சும் சுற்றிச் சுற்றி வந்து கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அப்பன் எதிரில் மகனைச் சொல்ல வேண்டாம் என்ற மரியாதை. அந்த மரியாதையும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

கூட்டேரிப்பட்டில் டீக்கு நிறுத்தினோம். பொழுது அப்போதுதான் சாய்ந்துகொண்டிருந்தது. சித்தார்த்தன் இறங்க வேண்டிய இடமும் அதுதான். அவன் ஷூவுக்காகக் காத்து நின்றான், கேட்கவில்லை. தேவநாதன், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினான். அவனுக்கும் நீட்டினான். பிறகு, பரிசு கொடுக்கிறவன்போலத் தோளில் கை போட்டான்.

"அடுத்த வருஷம் சித்தார்த்தன் கண்டிப்பா உண்டுப்பா. இப்பவே சொல்லிட்டேன். அவனுக்குத்தான் வயசு தாண்டிடுதே, சர்ட்டிபிகேட் தொல்லையே இல்ல. ஆடறதுக்குன்னே ஒரு ஆளு. இவன் போடற போடுல நம்ம புள்ளைங்க நாலு பேரும் ஸ்டேட் சர்ட்டிபிகேட் வாங்கிடுவானுங்க, பாரு!"

"நல்ல முடிவு செக்ரட்டரி" என்றான் ஆரோக்கியராஜ். நிஜமாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னான்.

டீச்சர் டீ கிளாஸை டொக்கென்று வைத்தார். "சீ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அதற்குமேல் முடியவில்லை.

"சித்தார்த்தா" என்றேன். "உன் ஆதார யாரும் தள்ளல. உன்ன எடுத்துட்டு எம்மவன நாந்தான் போட்டேன். இந்தத் தேவநாதன் கேட்டான், நான் சரின்னேன்."

தேவநாதன் கை தோளிலிருந்து இறங்கியது. "இன்னா முருகையா, எல்லார் முன்னாலயும்..." என்று இழுத்தான். மணிமாறன் வேனிலிருந்து இறங்கி எனக்குப் பின்னால் நின்றிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அவனுக்கும் தெரியாது. காலி இடத்தில் பெயர் போட்டதாகத்தான் சொல்லி வைத்திருந்தேன்.

சித்தார்த்தன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் மல்லாட்டைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னான். "தெரியும்ணா."

"எப்பிடி?"

"செக்ரட்டரி கிளப்பு வேலைன்னா எப்பவும் எங்க கடை நம்பருக்குத்தான வாட்ஸ்ஆப் பண்ணுவாரு. இந்தத் தடவையும் பழக்கத்துல பண்ணிட்டாரு. கையால எழுதின லிஸ்ட்டு. எம்பேரு மேல கோடு போட்டு, கீழ மணிமாறன்னு எழுதி இருந்திச்சி. கடையில டைப் அடிக்கறது நாந்தான்."

தேவநாதன் மல்லாட்டையை மெல்லுவதை நிறுத்தினான். ஆரோக்கியராஜ் தரையைப் பார்த்தான்.

"தெரிஞ்சும் ஏண்டா இன்னிக்கி வந்த?" என்றார் டீச்சர்.

"ஸ்டேட்டுல சேத்துக்கறோம்னாங்க டீச்சர். இவங்க ஜெயிச்சாதான ஸ்டேட்டு. இல்லன்னாலும், ஆளு கொறஞ்சா யாராச்சும் ரெஃப்ரிகிட்ட பேசி நம்மள உள்ள வுடுவாங்களோன்னு ஒரு நெனப்பு. லிஸ்ட்டுல இல்லாதவன வுட மாட்டாங்கன்னு தெரியும். இருந்தாலும் ஷூவப் போட்டுகினு வந்தேன்."

மணிமாறன் கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். முடிச்சு அவிழாமல் இரண்டு கையாலும் இழுத்தான். சித்தார்த்தன் குனிந்து அவனே அவிழ்த்துவிட்டான். செருப்பைக் கழற்றி என் மகன் எதிரில் ஜோடியாக வைத்தான். ஷூவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பியவன், என்னிடம் திரும்பினான்.

"மணிமாறன் போட்டோ ரொம்ப மங்கலா இருந்திச்சிண்ணா. அதுக்காகத் தள்ளிடப் போறாங்கன்னு நாந்தான் கொஞ்சம் வெளிச்சம் ஏத்தி ஒட்டினேன். நல்லா வந்திச்சி இல்ல?"

குத்திக் காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கடையில் காப்பியை நீட்டிவிட்டுக் கேட்பானே, அதேபோலத்தான் கேட்டான். அவன் வெறுங்காலோடு ரோட்டைக் கடந்து, மயிலம் பக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினான்.

"தங்கமான பையன். கோவமே வராது" என்றான் தேவநாதன். பொட்டலத்தில் மிச்சமிருந்த மல்லாட்டையை மறுபடி மெல்ல ஆரம்பித்தான். வேன் கிளம்பியபோது டீச்சர் தன் இடத்தை விட்டு எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் காலியாயிருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மணிமாறன் செருப்பை டீக்கடை வாசலிலேயே விட்டுவிட்டு ஏறியிருந்தான். என் பக்கத்தில் இடம் இருந்தும் கடைசி சீட்டுக்கே போனான்.

திண்டிவனம் நெருங்கும்போது கிருஷ்ணவேணி ஃபோன் செய்தாள்.

"இன்னா ஆச்சி?"

"தோத்துட்டம்."

"அய்யே. அப்ப சர்ட்டிபிகேட்டு?"

"இல்ல."

பிறகு அவளே தன்னைத் தேற்றிக்கொண்டாள். "சரி போவட்டும், காலேஜுக்கு வேற வழி பாத்துக்கலாம். அந்த லிஸ்ட்டுல புள்ள மூஞ்சி எவ்ளோ பளிச்சினு இருந்திச்சி! எந்தக் கடைல போட்டாங்கன்னு செக்ரட்டரியக் கேளுங்க. காலேஜ் அப்ளிகேசனுக்கும் அங்கயே போட்டுக்கலாம்."