நீர் என்று எழுதிய அட்டை

வார்டில் எனக்கு ‘அட்டை மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். பக்கவாதம் வந்து பேச்சு போனவர்களுக்குப் பேசவும் விழுங்கவும் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதற்காக நானே படம் வரைந்து, அடியில் பெரிய எழுத்தில் வார்த்தை எழுதி, நாற்பது அட்டைகள் செய்து வைத்திருந்தேன். கொச்சையாக எழுதினால் நமக்குப் பிடிக்காது. எல்லாம் நல்ல தமிழ். அந்த நல்ல தமிழ்தான் கடைசியில் என் மானத்தை வாங்கியது.

ஆறாம் கட்டிலுக்கு வந்தவர் காய்கறி மொத்தச் சந்தையில் முப்பது வருடம் ஏலம் விட்டவர். மைக் இல்லாமலே சந்தை முழுக்கக் கேட்கிற தொண்டையாம். “இன்னும் யாரு? இன்னும் யாரு?” என்று கத்தியே பிழைத்த மனிதருக்குப் பக்கவாதம் ஒரே ஒரு வார்த்தையைத்தான் விட்டுவைத்திருந்தது. போதும்.

உங்கள் பெயர் என்ன? போதும். எங்காவது வலிக்கிறதா? போதும். ஜன்னலைத் திறக்கவா? போதும். மூளையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஒரு வார்த்தை மட்டும் நாக்கில் ஒட்டிக்கொள்வது உண்டு. என்ன நினைத்தாலும் அதுவேதான் வெளியே வரும். சிலருக்குக் கெட்ட வார்த்தை ஒட்டிக்கொள்ளும். அந்த வகையில் இவர் தங்கமான நோயாளி.

“வாழ்நாள் பூரா இன்னும் இன்னும்னு கேட்டவரு, இப்பதான் ஏலத்தை முடிச்சிருக்காரு” என்றார் வார்டு சிஸ்டர். நானும் சிரித்தேன்.

அவருடைய மகளுக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலைச் சவாரியை முடித்துவிட்டுப் பதினோரு மணிக்குச் சாவிக்கொத்தும் கையுமாக வருவாள். நான் எட்டு மணிக்கே ஆறாம் கட்டிலை முடித்துவிடுவதால் என் பயிற்சியை அவள் பார்த்ததில்லை.

“மேடம், என்னைப் பாத்ததும் கண்ணுல தண்ணி வருது. உடனே போதும்னு சொல்றாரு. வாழ்ந்தது போதும்னு சொல்றாரா?”

“அப்படி எடுத்துக்கக் கூடாதும்மா. அது தானா வர்ற வார்த்தை.”

“தினமும் விடியக்காலைல எந்திரிச்சு முழங்கால் போட்டு ஜெபம் பண்ணிட்டுத்தான் சந்தைக்குக் கிளம்புவாரு. அம்மா செத்த மறுநாள்கூட விடல. அன்னைக்குத்தான் நான் விட்டேன். கேக்காத சாமிகிட்ட எதுக்குப் பேசணும்னு சண்டை போட்டேன். இப்ப அவருக்கே வெறுத்துப் போச்சு போலிருக்கு.”

எனக்கு ஜெபம் பண்ணும் வழக்கமே கிடையாது. கைக்குட்டையை நீட்டிவிட்டு ஏழாம் கட்டிலுக்குப் போய்விட்டேன்.

ஐந்தாம் நாள் விழுங்கும் பயிற்சி ஆரம்பித்தேன். இந்த நோயாளிகளுக்குச் சும்மா தண்ணீர் கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பொடி கலந்து கஞ்சிப் பதத்துக்குக் கொண்டுவந்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, தேக்கரண்டியால் கொடுக்க வேண்டும். நான் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வேறு யாரும் வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று கட்டில் தலைமாட்டில் பலகையே மாட்டியிருக்கும். கரண்டியை ஒரு கையிலும் தம்ளர் படம் போட்ட அட்டையை மறு கையிலும் வைத்துக்கொண்டு, “வேணுமா?” என்று கேட்டேன்.

அவர் அட்டையைப் பார்த்தார். உதடு கோணியது. “நீர்...” என்றார். பிறகு, “போதும்.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒற்றை வார்த்தைக்காரர் இரண்டு வார்த்தையைச் சேர்த்துவிட்டார்! ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். ‘இரண்டு சொல் வாக்கியம் அமைக்கிறார். நீரை மறுக்கிறார்’ என்று அறிக்கையில் கொட்டை எழுத்தில் எழுதினேன். நோயாளியின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்பது எங்கள் பாடம். மதித்தேன். கரண்டியை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று காலையும் இதே கதை. உதடு வெடித்திருந்தது, நாக்கு காய்ந்திருந்தது. ஆனாலும் கரண்டியை எடுக்கும்போதெல்லாம் அந்த மனிதர் என்னைப் பார்த்துப் பாதி முகத்தால் சிரித்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் மெனக்கெடுகிறேன், இவர் வேண்டாம் வேண்டாம் என்று சிரிக்கிறாரே என்று.

பயிற்சி ஆரம்பித்த நான்காவது நாள் டாக்டர் மகளைக் கூப்பிட்டார். “டிரிப்ஸை வச்சே ஓட்ட முடியாதும்மா. வயித்துல குழாய் போடலாம். ஆனா அவரே வேணாம்னு மறுக்கறதா மேடம் எழுதியிருக்காங்க. நீங்கதான் முடிவெடுக்கணும். நாலு மணிக்குள்ள சொல்லுங்க.”

அவள் நேரே என்னிடம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. “அப்பா நிஜமாவே மறுக்கறாரா மேடம்? என் கண்ணால பாக்கணும். சாகணும்னு நினைக்கறவருக்கு நான் குழாய் போட்டா பாவம். வாழணும்னு நினைக்கறவரை விட்டுட்டாலும் பாவம்.”

மத்தியானம் இரண்டு மணி. கரண்டி, அட்டை, மகள் எல்லோருமாக ஆறாம் கட்டிலுக்குப் போனோம். அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

“நீர்... போதும்.”

பார்த்தாயா என்கிற மாதிரி அவளைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தேன். அவளோ என் கையிலிருந்த அட்டையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“இதுல என்ன எழுதியிருக்கீங்க?”

“நீர். தண்ணி வேணுமான்னு கேக்கறேன். போதும்ங்கறாரு.”

“ஐயோ மேடம்!” அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “எங்க வீட்ல தண்ணியை யாருமே நீர்னு சொல்ல மாட்டாங்க. எங்கப்பா நீர்னு சொல்றது உலகத்துல ஒரே ஒருத்தரைத்தான். இது அவரோட ஜெபம். காலைல கடைசியா இதைச் சொல்லித்தான் எந்திரிப்பாரு. ‘ஆண்டவரே, எனக்கு நீர் போதும்.’”

பிறகு அப்பாவின் காதருகே குனிந்து, “அப்பா, தண்ணி வேணுமா தண்ணி?” என்றாள்.

ஏலக்காரர் பறவைக்குஞ்சு போல வாயைத் திறந்தார்.

முதல் கரண்டியைக் கொடுத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு நோயாளியை ஏதாவது பேசச் சொல்லித் தொண்டையில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று குரலைக் கேட்க வேண்டும். அவரிடம் இருந்தது ஒரே வார்த்தை. விழுங்கினார், “போதும்” என்றார், மறுபடி வாயைத் திறந்தார். விழுங்கினார், “போதும்” என்றார், திறந்தார். இப்படிப் பதினெட்டுக் கரண்டி. ஒருமுறைகூட இருமவில்லை. அந்தப் பதினெட்டுப் போதும்களிலும் சலிப்பு என்று ஒன்றை என் காது கேட்கவில்லை. காது எனக்குக் கூர்மை. அதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

நான்கு நாள் ஒரு மனிதரின் வாய்க்கு நேரே தண்ணீரைக் கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்ப எடுத்திருக்கிறேன். அத்தனை தடவையும் அவர் என்னைத் திட்டவில்லை, கடவுளையும் திட்டவில்லை. காய்ந்த நாக்கால் நீர் போதும் என்று அந்தக் கடவுளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னது பழக்கத்தில் தானாக வந்ததுதானே என்று என் படிப்பு சொல்லும். இருக்கட்டும். என் மூளையில் அடிபட்டால் பழக்கத்தில் தானாக என்ன வரும் என்று யோசித்தேன். எனக்குக் குறைசொல்லத்தான் நாக்கு பழகியிருக்கிறது. அந்த மனிதர்மேல் எனக்குப் பொறாமையே வந்தது.

“ஐயா, என்னை மன்னிச்சிடுங்க” என்றேன்.

“போதும்” என்றார். எழுந்திருக்க முடியாதவர் இடது கையால் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

டாக்டரிடம் போய் என் அறிக்கையை நானே அடித்துத் திருத்தினேன். குழாய் வேண்டாம், வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். செய்தியைச் சொல்லத் திரும்பி வந்தபோது மகள் கட்டிலோரம் தரையில் முழங்கால் போட்டிருந்தாள். அப்பாவின் அசையாத வலது கையை நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

“நீர்...” என்றாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. விட்டுப்போன வார்த்தையை எடுத்துக்கொடுப்பது என் தொழில். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மகளின் முகத்தையே பார்த்தபடி கொஞ்ச நேரம் பொறுத்திருந்தார்.

“போதும்” என்றார் ஏலக்காரர்.