பட்டினி கிடந்த ஜிம்மி

ரிச்சர்ட்ஸ் டவுனில் எஸ்தர் வளர்த்த ஆண் முயல் ஜிம்மிக்குப் பருவம் வந்ததும் குணமே மாறிவிட்டது. கண்ட இடத்தில் மூத்திரத்தைப் பீய்ச்சும், காலைச் சுற்றிச் சுற்றி வந்து கடிக்கும். மெத்தையும் நனைந்த அன்று அவள் கணவர் தேவசகாயம், "ஞாயித்துக்கிழமைக்குள்ள இது வீட்டை விட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டார்.

விதை எடுத்தால் அடங்கும் என்றார் மிருக டாக்டர். எஸ்தர் தன் குடல்வால் ஆபரேஷனுக்கு முன்னால் தன்னைப் பட்டினி போட்டதை நினைத்து, ஜிம்மியை ராத்திரியே பட்டினி போட்டு, சனிக்கிழமை காலையில் கூடையில் தூக்கிப் போனாள்.

"தண்ணிகூடக் காட்டல டாக்டர்," என்றாள் பெருமையாக.

"மயக்கத்துல வாந்தி வந்துடக் கூடாதுன்னுதான் மனுஷங்களுக்குப் பட்டினி. முயலுக்கு வாந்தியே வராதும்மா, அதுக்கு எதுக்கு? வயிறு காஞ்சா குடல் வேலை நின்னுடும். நல்லா தின்னட்டும், திங்கட்கிழமை வாங்க."

திங்கள்வரை கணவர் விடுவாரா என்ற பயத்தோடு வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள்.

"ராத்திரி முழுக்கவா? லெந்து உபவாசத்துல என்னாலயே ஒரு வேளை தாங்க முடியல. அது என்ன பாவம் பண்ணிச்சு?" தேவசகாயம் குழம்புக்கு வைத்திருந்த கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து அதன் முன்னால் போட்டார். ஜிம்மி ஒரு காம்பு விடாமல் தின்றுவிட்டு, அவர் செருப்பை நனைத்தது.

"திங்கட்கிழமை நானும் வரேன். உன்னைத் தனியா அனுப்பினா வேற ஏதாவது பண்ணுவே," என்றார் அவர், செருப்பைக் கழுவிக்கொண்டே.