பொய்யீயும் கல்லாற்றுக் கெண்டையும்

2025 ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. வானம் தெளிவாக இருந்தது. பொன்முடியின் உச்சியில் மட்டும் மேகம் படிந்திருந்தது. மலையடிவாரத்தில் காலையில் இளங்குளிரும், பின்னர் மண்டையைப் பிளக்கும் வெயிலும் நிலவின. மழை இல்லை.

ஆறு என்பது உயரமான இடத்தில் பிறந்து தாழ்வான இடத்தை நோக்கி ஓடும் நீராகும். கல்லாறு பொன்முடி மலையில் பிறந்து, பெயருக்கேற்பக் கற்களுக்கிடையே ஓடுகிறது. அக்கற்கள் யானைக்கன்றுகளைப் போல உருண்டு திரண்டு, பாசி படிந்து, மனிதரை வழுக்கி விழச்செய்வதையே தம் கடமையாகக் கொண்டுள்ளன. அன்று காலை அக்கடமையை அவை என்னிடம் செவ்வனே ஆற்றின.

என் பெயர் வன்னியபெருமாள். திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஆணி, கொக்கி, தாழ்ப்பாள் முதலியன விற்கும் கடை வைத்திருக்கிறேன். என்னுடன் ஆற்றில் நின்றவர் வலியசாலை அக்கிரகாரத்தைச் சேர்ந்த நாகேஸ்வரன் அவர்கள். ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். மூணாற்றில் பணிபுரிந்த காலத்தில், ட்ரவுட் என்னும் குளிர்நீர் மீனைப் பொய்யீ வீசிப் பிடிக்கும் முறையை ஒரு தேயிலைத் தோட்ட அதிகாரியிடம் கற்றவர். சிறிய தூண்டில் முள் கேட்டு அவர் என் கடைக்கு வந்ததில் எங்கள் நட்பு தொடங்கியது. கல்லாற்றில் ட்ரவுட் கிடையாது. இஃது ஒரு சிறு குறையே. கெண்டை உண்டு. தான் ட்ரவுட் அல்ல என்பது கெண்டைக்குத் தெரியாது என்று நாகேஸ்வரன் அவர்கள் உறுதியாக நம்பினார்.

பொய்யீ என்பது தூண்டில் முள்ளின்மேல் மயிலிறகின் இழையும் சேவல் இறகும் சுற்றிச் செய்யப்படும் போலிப் பூச்சியாகும். வீசுபவர் தொடையளவு நீரில் நின்று, எதிர்க்கரையை நோக்கிச் சற்றே கீழ்ப்புறமாக அதனை வீசவேண்டும். நீரோட்டம் கயிற்றை இழுக்க, பொய்யீ நீருக்குள் மூழ்கி, அரைவட்டமாக ஊசலாடி, வீசியவருக்கு நேர்கீழே வந்து நிற்கும். அங்கே அதனைச் சிறிது நேரம் தொங்கவிட வேண்டும். மீன் பெரும்பாலும் அங்கேதான் கவ்வும். கவ்வியவுடன் இழுக்கலாகாது. மீன் திரும்பும்பொழுது முள் தானே அதன் வாயோரத்தில் ஏறிக்கொள்ளும். சுருங்கக் கூறின், இஃது ஒன்றும் செய்யாமலிருக்கும் கலையாகும். வேறெவ்விடத்திலும் எனக்கு எளிதாகக் கைவரும் அக்கலை, ஆற்றில் மட்டும் கைவரவில்லை.

சைவ உணவினரான ஒருவர் மீன் பிடிக்கலாமோ எனின், நாகேஸ்வரன் அவர்களிடம் அதற்கும் விடை உண்டு.

“புழுவைக் குத்திக் கோத்தா அது ஜீவஹிம்சை, ஓய். இது வெறும் எறகும் நூலும். இதைப் பாத்து ஏமாந்தா மீனோட கர்மா ஆக்கும்.”

“உதட்டுல முள்ளு ஏறுதே, சாரே?”

“கொழந்தைக்குக் காது குத்தறோமோல்லியோ? அதுமாதிரிதான்.”

ஆதலின் பிடித்த மீனை மீண்டும் ஆற்றில் விட்டுவிடுதல் எங்கள் சட்டம். அச்சட்டமே என் இல்லறத்திற்கு இடையூறாயிற்று. என் மனைவி நாச்சியார் முதல்நாள் இரவு சோற்றைப் பரிமாறியவாறே விசாரணையைத் தொடங்கினாள்.

“ஒரு வருசமா மீன் பிடிக்கேன், மீன் பிடிக்கேன்னு போறீரு. ஒரு செதிலாவது இந்த வீட்டுக்கு வந்துருக்கா? விதுரா கள்ளுக்கடைக்குத்தான போறீரு?”

“பிடிச்சத விட்டுருவோம்ட்டீ.”

“பிடிச்ச மீன எந்தக் கிறுக்கன் விடுவான்?”

கைப்பேசியில் இருந்த புகைப்படத்தைக் காட்டினேன். அது யூடியூபில் எடுத்தது என்று கூறித் தள்ளுபடி செய்தாள். பின்னர்த் தீர்ப்பு வழங்கினாள்.

“நாளைக்கு மீனோட வாரும். இல்லன்னா இனிமே ஞாயித்துக்கெழம ஒமக்கு ஆறும் கெடையாது, கொளமும் கெடையாது.”

ஆகவே அன்று எனக்கு ஒரு மீன் தேவைப்பட்டது. பெரிதோ சிறிதோ, ஒரு மீன். அதனை ஆற்றில் இறங்கியவுடனேயே நாகேஸ்வரன் அவர்களிடம் கூறிவிட்டேன்.

“இன்னைக்கு ஒண்ணு கிட்டிச்சுன்னா நான் கொண்டு போவேன், சாரே. குடும்பப் பிரச்சினையாக்கும்.”

“என் கம்புல ஒரு கொலை நடக்கப்படாது, ஓய்.”

“அப்ப எங்க வீட்டுல நடக்கும்.”

அவர் தம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கீழ்ப்புறமாக நகர்ந்தார். நான் வீசினேன். பொய்யீ ஊசலாடி வந்து கயிறு நேராகும் தறுவாயில், விரலில் ஒரு தட்டு உணர்ந்தேன். உடனே பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். பொய்யீ ஆற்றைவிட்டு எழுந்து, என் தலைக்குமேல் பறந்து, கரையிலிருந்த மரத்தின் கிளையைக் கவ்வியது.

“ஓய்! தாழ்ப்பாளா தொறக்கிறீர்? மீன் ஓய் அது!”

“தட்டிச்சு, சாரே!”

“தட்டட்டுமே! தட்டினா ஒடனே கதவைத் தொறக்கணுமா? சும்மா இரும்னா சும்மா இரும்!”

சும்மா இருக்க முயன்றேன். ஞாயிற்றுக்கிழமையை இழக்கும் நிலையில் உள்ள மனிதனுக்குச் சும்மா இருத்தல் எளிதன்று. தட்டிய ஒவ்வொரு மீனையும் அதன் வாயிலிருந்து பொய்யீயைப் பிடுங்கிக் காப்பாற்றினேன். வெயில் ஏறியது. கொண்டுவந்த பை காலியாகக் கரையில் கிடந்தது.

அப்பொழுது சாலையில் ஓர் ஆட்டோ நின்றது. குடையுடன் நாச்சியார் இறங்கினாள். அவளுக்குப் பின்னால், நடைப்பயிற்சிக்குரிய காலணி அணிந்து, நாகேஸ்வரன் அவர்களின் துணைவியார் ஜெயலக்ஷ்மி அம்மையார் இறங்கினார். அம்மையார் சனிக்கிழமை ஊஞ்சல் கொக்கி வாங்க என் கடைக்கு வந்ததும், கல்லாவில் இருந்த நாச்சியாரும் அவரும் தத்தம் கணவரின் ஞாயிற்றுக்கிழமைகளை ஒப்பிட்டுப் பார்த்ததும் பின்னரே எனக்குத் தெரியவந்தன. அம்மையாரிடம் நாகேஸ்வரன் அவர்கள் கூறியிருந்த காரணம், மலைக்காற்றில் பிராணாயாமம் செய்வது என்பதாகும்.

துணைவியாரைக் கண்டதும் அவர் கம்பை என் கையில் திணித்துவிட்டு, கழுத்தளவு நீரில் அமர்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்களை மூடினார்.

“ஏன்னா,” என்று கரையிலிருந்து அம்மையார் அழைத்தார். “தொப்பி போட்டுண்டா பிராணாயாமம் பண்ணுவா?”

நாகேஸ்வரன் அவர்கள் ஒரு கண்ணைத் திறந்தார். “இவர் மீன் பிடிக்க வந்தவர், ஜெயா. எனக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“சாரே!” என்றவாறே இரு கம்புகளுடனும் கரையேறினேன்.

“மீனா? இவ்வளவுதானா?” என்றார் அம்மையார். “நான் பொறோட்டாவும் பீஃபும் திங்கப் போறேளோன்னு பயந்துண்டிருந்தேன்.”

“சிவ சிவா!”

“பின்னே? ராத்திரி ரெண்டே தோசையோட எழுந்துக்கறேளே!” என்று கூறியவாறே அம்மையார் என் கம்பில் தொங்கிய பொய்யீயை விரலால் பற்றி, கண்ணருகே கொண்டுசென்று பார்த்தார். அவர் முகம் மாறியது. “இதென்ன பளபளங்கறது? ஏன்னா! இது என் கூறைப்புடவை ஜரிகைன்னா!”

“உள்பக்கம்தான் எடுத்தேன், ஜெயா. கட்டினா வெளியில தெரியாது.”

அவர் பார்த்த பார்வையில் நாகேஸ்வரன் அவர்கள் முழுவதுமாக நீருக்குள் அமிழ்ந்தார். இம்முறை மூக்கைப் பிடிக்க அவருக்கு நேரம் கிட்டவில்லை.

இதற்கிடையே நாச்சியார் காலிப் பையை உதறிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“மீனு எங்க?”

“தட்டிச்சு. வரல.”

“ஊதும்.”

ஊதினேன். பாலில்லாத கட்டஞ்சாயாவின் மணம் மட்டுமே வந்தது. அஃது அவளுடைய ஐயத்தைப் போக்கவில்லை, ஆழப்படுத்தியது.

“கள்ளு இல்ல. அப்ப இது வேற என்னமோ. இந்தக் குச்சியும் இந்தப் பூச்சியும் வச்சு மீன் பிடிக்காகளாம்! கொண்டாரும், பாப்போம்.”

கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஒரு தட்டைப் பாறையில் ஏறி நின்று, பாத்திரம் கழுவிய தண்ணீரை வாசலில் வீசுவதுபோல் ஆற்றில் வீசினாள். பொய்யீ நடு ஓட்டத்தில் தாறுமாறாக விழுந்தது. ஆறு அதனை மன்னித்து, கயிற்றை இழுத்து, தானே ஊசலாட்டத் தொடங்கியது. நாச்சியார் ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள்.

“எங்க மீனு? காட்டும்! ஊருல அவனவன் ஞாயித்துக்கெழம பொண்டாட்டி பிள்ளையோட சங்குமுகம் கடக்கரைக்குப் போறான். நீரு இங்க வந்து முட்டளவு தண்ணியில நிக்கீரு, எரும மாதிரி…”

கயிறு அரைவட்டத்தை முடித்து அவளுக்கு நேர்கீழே தொங்கியது. அதன் நுனி நீருக்குள் மெல்ல ஒருமுறை துடித்ததைக் கண்டேன். நாகேஸ்வரன் அவர்களும் கண்டார். நீர் சொட்ட எழுந்து, உதட்டில் விரல் வைத்து, என் காதருகே வந்து கிசுகிசுத்தார்.

“வாயைத் தொறக்கப்படாது, ஓய். அவா திட்டட்டும்.”

ஆனால் நாச்சியாரின் வசை தீர்ந்துகொண்டிருந்தது. மூச்சு வாங்கினாள். கம்பைப் பார்க்கத் திரும்பப் போனாள். திரும்பினால் இழுப்பாள். இழுத்தால் மீன் போய்விடும்; மீனோடு என் ஞாயிற்றுக்கிழமைகளும் போய்விடும். வேறு வழியின்றி, மணவாழ்வில் எக்காலத்தும் கூறாத ஒன்றைக் கூறினேன்.

“ஒங்க அண்ணன் மட்டும் பெரிய யோக்கியனாக்கும்?”

“என்ன சொன்னீரு?” நாச்சியார் முழுவதுமாக என் பக்கம் திரும்பினாள். “எங்க அண்ணனப் பத்தி எந்த வாயால சொன்னீரு? கலியாணத்துக்கு ஒமக்கு மோதிரம் போட்டது யாரு? ஒங்க அக்கா மவ பூப்புக்குச் சீர் கொண்டு வந்தது யாரு? ஆசுபத்திரியில நீரு கெடக்கயில ராத்திரி முழிச்சிருந்தது யாரு, ஒங்க தம்பியா? அவன் வந்து ஆரஞ்சு தின்னுட்டுப் போனான்…”

கம்பு வளைந்தது.

“ஏ யம்மா! இழுக்கு! என்னமோ இழுக்கு!”

“கம்பைத் தூக்கிப் பிடிங்கோ! கயிறை விடுங்கோ! ஓடவிட்டுப் பிடிக்கணும்!” என்று நாகேஸ்வரன் அவர்கள் கத்தினார். நாச்சியார் அவ்வறிவுரை எதையும் ஏற்கவில்லை. கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு, சந்தையில் வாங்கிய ஆட்டை இழுத்துச் செல்வதுபோல் கரையை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால், முழங்கை நீளமுள்ள கெண்டை ஒன்று, பொன்னிறச் செதில்களுடன் மணலில் ஏறித் துள்ளியது.



“விட்டுடுங்கோ, அம்மா,” என்று நாகேஸ்வரன் அவர்கள் கைகூப்பினார். “எங்க வழக்கம் அது. பிடிச்சா விட்டுடணும்.”

நாச்சியார் மீனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதன்முறையாக நம்பிக்கை தோன்றியது.

“அப்ப நெசமாவே பிடிச்சு விட்டுட்டுதான் வந்தீகளா?”

“ஆமாட்டீ,” என்றேன் பெருமிதத்துடன்.

“இவ்ளோ பெரிசயா?”

“இதவிடப் பெரிச எல்லாம் சார் விட்டுருக்காரு.”

“ஒரு வருசமாவா?”

“ஒரு வருசமா.”

“நீரு கள்ளு குடிச்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்!” என்றாள் நாச்சியார். மீனைத் தூக்கிப் பையில் போட்டாள். “கெண்டை என்ன வெல விக்குதுன்னு தெரியுமாவே ஒமக்கு? இனி இந்தப் பக்கம் நீரு வரப்படாது. வீட்டுல துணி கெடக்கு, தொவையும். அடுத்த வாரம் நான் வாரேன்.”

“நானும் வரேன், நாச்சியார்,” என்றார் ஜெயலக்ஷ்மி அம்மையார். “திட்டறதுக்கு எங்கிட்டயும் நெறைய இருக்கு.”

“ஜெயா, நாம சைவம்…”

“கம்பை எடுத்து ஆட்டோல வையுங்கோ. ரெண்டையும்.”

நாகேஸ்வரன் அவர்கள் தம் கம்புகளைத் தாமே சுமந்துசென்று ஆட்டோவில் வைத்தார். நான் பொய்யீப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஆட்டோ விதுராவை நோக்கி வளைந்து மறைந்தது. நாங்கள் இருவரும் ஈர உடையுடன் சாலையோரத்தில் நின்றோம். நான் குற்றமற்றவன் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டிருந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் முடிவுற்றன. அப்பொழுது நேரம் முற்பகல் பதினோரு மணி இருபத்தாறு நிமிடம்.