நாலு நாப்பதுக்கு வைத்த மிஷின்

ஹேமநாத் சார் எனக்குத் தர வேண்டியது ஐயாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். ஒன்பது நாள் கூலி. ஆரணியில் நிலம் அளக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை, இந்தத் தொழிலுக்குப் புதுசு. நிலத்தின் எல்லைக்கல் ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே சாட்டிலைட் மிஷினை மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்தி, அது அசையாமல் காவல் இருப்பது என் வேலை.

கூலி கேட்கப் போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பேசினார்.

"இன்னா துரைக்கண்ணு, பதினாலாம் தேதி தேவிகாபுரம் மூலைக்கல்லாண்ட எத்தினி மணிக்கு மிஷின் வெச்ச?"

"விடியக்காலம் நாலு நாப்பதுங்க சார். அஞ்சரைக்கு மேல செங்கல் டிராக்டர் ஓடும், மிஷின் ஆடும்."

"பதிமூணாம் தேதி ராத்திரி பதினொன்னு பத்துன்னு இல்ல காட்டுது? வூட்லயே ஆன் பண்ணி, பக்கத்துல படுக்க வெச்சிகினு தூங்கினியா?"

நான் வாய் திறப்பதற்குள், "நீ கல்லாண்ட இருந்ததை யாராவது பாத்தாங்களா?" என்றார்.

யார் பார்ப்பார்கள்? பாஞ்சாலை இருந்திருந்தால் நான் கதவைச் சாத்திய நேரத்தைச் சொல்லியிருப்பாள். என் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். இப்போது நான் கிளம்புவதும் வருவதும் எவருக்கும் தெரியாது.

"மூலைக்கல் கணக்கு வராம கூலி கிடையாது."

எங்கேயோ நிரந்தரமாக நிற்கும் பொது ஸ்டேஷன் ஒன்று இரவும் பகலும் சாட்டிலைட் சிக்னலைப் பதிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளுக்கு ஒரு ஃபைல். பேரைப் பதிந்துகொண்டால் இன்டர்நெட்டில் காசில்லாமல் இறக்கலாம். நம் மிஷின் பதிந்ததை அதே நேரத்து ஃபைலோடு சேர்த்தால்தான் கல் நிற்கும் இடம் துல்லியமாக வரும். சார் பதினாலாம் தேதி ஃபைலை இறக்கியிருந்தார். மூலைக்கல் மட்டும் அதில் சேரவில்லை.

நோட்டை எடுத்தேன். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன், எதையும் எழுதாமல் விடமாட்டேன். திரையில் மற்ற கற்களின் நேரத்தை விரல் வைத்துப் படித்தேன். நான் ஆறு பத்து என்று எழுதியதற்கு மிஷின் பூஜ்யம் நாற்பது என்றது. என் ஒன்பது மணி அதற்கு மூன்றரை.

"சார், எல்லாத்துலயும் அஞ்சரை மணி கம்மியா காட்டுதுங்க."

"அது லண்டன் டைம்யா. எனக்குத் தெரியாதா?"

"அப்ப நாலு நாப்பதுல அஞ்சரை போனா, முந்தின நாள் ராத்திரி பதினொன்னு பத்துதானங்க?"

சார் திரையில் அந்தத் தேதியை மறுபடி படித்தார். அதுவரை ஆறு மணிக்கு முன்னால் நாங்கள் மிஷின் வைத்ததே இல்லை. நேரம் மாறினால் தேதியும் மாறும், ஸ்டேஷன் ஃபைலும் லண்டன் தேதிப்படிதான் என்று அவருக்கு உறைக்கவில்லை.

முந்தின நாள் ஃபைலைத் தேடி இறக்கினார். சேர்த்துக் கணக்குப் போட்டதும் மூலைக்கல் படத்தில் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

"அடச்சே, பேஜாராப் போச்சு! இதை நீ சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா?" சிரித்தார். டிராயரைத் திறந்து ஐயாயிரத்து எண்ணூற்றைம்பதையும் எண்ணி வைத்தார். "சாட்சி கேட்டதை மனசுல வெச்சிக்காத."

"இல்லீங்க சார்."

பஸ்ஸில் யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கண்டக்டர் "எங்க?" என்றார். "தேவிகாபுரம்" என்றேன். அந்தச் சாயங்காலம் முழுக்க அவ்வளவுதான் பேச்சு.

பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, நோட்டில் ஒன்பது நாள் கூலிக்கு நேராக "வந்தாச்சு" என்று எழுதினேன். பக்கத்தில் வீடு வந்த நேரத்தையும் எழுதினேன். ஏழு இருபது.